ஒரு ஜெபத்துக்கு இருபது குச்சி

"அப்ப, நீங்க எழுதுற கட்டுரையில உங்க பேரு மட்டுந்தான் இருக்குமா?"

"வேற யாரு பேரு இருக்கும்? எழுதுறது நான்தானே."

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

கல்யாணமான மூன்றாவது வாரம், விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில் தேவமணியும் அவள் கணவர் டாக்டர் ராஜசிங்கும் பேசிக்கொண்டது இது. பஸ்ஸின் கூரையில் மிளகாய் வற்றல் மூட்டைகள். அந்த நெடியில் இருவரும் மாறி மாறித் தும்மிக்கொண்டிருந்தார்கள். தும்மலுக்கும் தும்மலுக்கும் நடுவே டாக்டர் தம் எதிர்காலத்தை விவரித்துக்கொண்டு வந்தார். எம். புதுப்பட்டியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி வைப்பது. பட்டாசுக் கம்பெனிகளில் கை வெந்து வருகிறவர்களுக்கு வைத்தியம் பார்ப்பது. பார்த்ததையெல்லாம் ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதுவது.

"வெளிநாட்டு டாக்டருக அதைப் படிக்கணும் தேவமணி. அவுக எழுதுற கட்டுரையில என் பேரைச் சொல்லணும். ஒரு டாக்டருக்கு அதுக்கு மேல என்ன வேணும்?"

தேவமணி நர்சிங் படித்து, இரண்டு வருஷம் வேலையும் பார்த்துவிட்டு வந்தவள். 'கூட நின்னு கட்டுப் போடுறவளுக்கு ஒண்ணும் வேண்டாமா?' என்று கேட்க வாயெடுத்தாள். தும்மல் முந்திக்கொண்டது. அது 1954-ஆம் வருஷம். தும்மல் அன்றைக்கே நின்றுவிட்டது. கேள்விதான் ஒன்பது வருஷமாகத் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது.

ராஜசிங் கெட்டவர் இல்லை. அவரைக் கெட்டவர் என்று சொல்கிறவர் எம். புதுப்பட்டியில் ஒருவரும் கிடையாது. நடு ராத்திரியிலும் எழுந்து வருவார். கை வெந்தவர்களின் பெயரை மறக்கமாட்டார். மனைவி சமைத்ததில் உப்பு இல்லாவிட்டால் தமக்குத்தான் நாக்கு கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார். அவருக்கு இருந்த ஒரே பலவீனம் அஞ்சல் அட்டைகள்.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு மருத்துவ சஞ்சிகையில் கட்டுரை வந்தால், எழுதியவருக்கு அந்தக் கட்டுரையை மட்டும் தனியாக அச்சடித்து இருபத்தைந்து பிரதி அனுப்புவார்கள். உலகத்தில் எங்கோ இருக்கிற இன்னொரு டாக்டர் அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு, 'தங்கள் கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்பி உதவவும்' என்று ஒரு அட்டை எழுதுவார். அட்டை எத்தனை வருகிறதோ அத்தனை மதிப்பு. விருதுநகர் மண்டிகளில் ரசீது குத்தி வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு கம்பியை டாக்டர் வாங்கி மேசைமேல் வைத்திருந்தார். வருகிற அட்டையை அதில் குத்துவதற்கு முன் இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்திருப்பார். யாராவது "என்ன சார் அது?" என்று கேட்க மாட்டார்களா என்றுதான்.

அவருடைய முதல் கட்டுரை 1956-இல் வந்தது. அதற்கு வந்த அட்டை ஒன்று. நாகர்கோவிலிலிருந்து, அவரோடு படித்த நண்பர் எழுதியது. அதில் பாதிக்குமேல் குடும்ப நலம் விசாரிப்பு. இரண்டாவது கட்டுரை 1958-இல். அதற்கு ஒன்றும் வரவில்லை. "தபால்ல தொலைஞ்சிருக்கும்" என்றார் டாக்டர். "எல்லாமா?" என்று கேட்டாள் தேவமணி, முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல்.

மூன்றாவது கட்டுரைதான் அவர் எதிர்பார்த்த கட்டுரை.

அந்தக் காலத்தில் கை வெந்து வந்தால் ஐந்து விரலையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்கள். புண் ஆறும்; விரல் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துப் போகும். ராஜசிங் விரல் விரலாகத் தனித்தனியே கட்டி, மூன்றாம் நாளிலிருந்தே மெல்ல அசைக்கச் சொன்னார். நல்ல யோசனை. ஆனால் நல்ல யோசனை என்று எப்படி நிரூபிப்பது? "கை எப்படி இருக்கு?" என்று கேட்டால் எல்லோரும், "சொகமா இருக்கு ஐயா, எப்ப வேலைக்குப் போகட்டும்?" என்பார்கள். டாக்டர் அளவுகோல் வைத்து விரல் எவ்வளவு மடங்குகிறது என்று அளந்தார்.

பட்டாசுத் திரி வெட்டும்போது கை வெந்து வந்தவள் ஆவுடைத்தாய். அவள் விரல்கள் அளவுகோலில் அருமையாக மடங்கின. டாக்டர் மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு அவள் தேவமணியிடம், "நர்சம்மா, மடங்குது, ஆனா ஒண்ணத்தையும் பிடிக்க முடியலயே" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

தேவமணி சமையல் கட்டுக்குப் போய், அரிசி புடைக்கிற சுளகை எடுத்து, ஒரு தீப்பெட்டியை அதில் கவிழ்த்தாள்.

"எடுத்து அடுக்கு ஆவுடைத்தாய், பெட்டி அடைக்கிற மாதிரி. ஒவ்வொரு குச்சியா."

தீப்பெட்டியும் பட்டாசும் செய்கிற ஊரில் குச்சியைக் கையில் எடுக்கத் தெரியாதவர்கள் யார்? அன்றைக்கு ஆவுடைத்தாய் நான்கு குச்சி எடுத்தாள். இரண்டு மாதத்தில் பதினொன்று. எத்தனை நேரத்துக்குள் என்று ஓர் அளவு வேண்டுமல்லவா? ஆஸ்பத்திரியில் விநாடி முள் உள்ள கடிகாரம் டாக்டரின் மணிக்கட்டில் மட்டும்தான் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எதிரில் நின்றாலும், கை வெந்தவர்களுக்குப் பதற்றத்தில் குச்சி நழுவியது. அதனால் தேவமணி தனக்குத் தெரிந்த அளவை எடுத்துக்கொண்டாள். 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கும் பரமண்டல ஜெபத்தை வாய்விட்டு ஒருமுறை சொல்வாள். ஆமென் சொல்லும்போது கையை எடுத்துவிட வேண்டும். ஒரு ஜெபத்துக்கு இருபது குச்சி எடுத்தால் கை வேலைக்குத் தகுதி.

ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்குகிற பாலம்மாள் இதைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். கொஞ்ச நாளில் மாரியம்மன் கோயில் திருநீற்றோடு வருகிறவர்களும், "எம்மா, அந்த மந்திரத்தைச் சொல்லுங்க, கை தானா ஓடும்" என்று சுளகைத் தாங்களே இழுத்துப்போட்டு உட்கார ஆரம்பித்தார்கள். மூன்று வருஷத்தில் நூற்று அறுபத்து நான்கு பேர். ஒவ்வொருவரையும் வரவழைத்து, வராதவர்களை மல்லாங்கிணறு வரை போய்த் தேடி, நோட்டில் குறித்து வைத்தவள் தேவமணி.

1961-இல் டாக்டர் கட்டுரையைச் சொல்லச் சொல்ல, அவள்தான் தட்டச்சு செய்தாள். அவளுடைய அப்பா, விருதுநகரில் தலைமையாசிரியராக இருந்த தேவாசீர்வாதம், மகளுக்குத் தையல் மிஷினுக்குப் பதிலாகத் தட்டச்சு மிஷின் சீர் கொடுத்தவர். 'கட்டுரை ஆசிரியர் ஓர் எளிய சோதனையை வகுத்தார்' என்று ராஜசிங் ஆங்கிலத்தில் சொன்னபோது தேவமணியின் விரல் ஒரு கணம் நின்றது.

"ஏன், ரிப்பன் தீர்ந்துபோச்சா?"

"இல்ல, சொல்லுங்க."

"'முப்பது விநாடிகளில் எடுக்கும் குச்சிகளின் எண்ணிக்கை குறித்துக்கொள்ளப்பட்டது.' ஜெபம்னு எழுதினா சிரிப்பாங்க. விநாடியில போட்டுருவோம்."

முப்பது விநாடியா என்று அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. அப்படியானால் இவர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, தான் ஜெபம் சொல்வதைக் கேட்டிருக்கிறார்! ஒருநாளும் சொல்லவில்லையே, கள்ளன். அந்தச் சந்தோஷத்தில் சந்தேகத்தை விட்டுவிட்டாள்.

கட்டுரையின் கடைசி வரியில், 'மருத்துவமனை ஊழியர்களுக்கு நன்றி' என்று இருந்தது. மருத்துவமனை ஊழியர்கள் மொத்தம் இரண்டு பேர். தேவமணி அதைப் பாலம்மாளுக்குத் தமிழில் படித்துக் காட்டினாள்.

"அப்ப அதுல நானும் இருக்கேனா?" என்று பாலம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"இருக்க. நீயும் நானும் பாதிப் பாதி."

பாலம்மாளுக்கு ஒரு வாரம் கால் தரையில் பாவவில்லை. தன் பாதியை வைத்துக்கொண்டு தேவமணிக்கு அவ்வளவு சந்தோஷப்பட முடியவில்லை. அவளுக்கு வேண்டியது தலைப்புக்குக் கீழே, அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடம். கேட்டால் கொடுத்துவிடுவார் என்பதும் தெரியும். அதுதான் சங்கடம். கேட்டு வாங்கினால் அது அவர் செய்த தயவு ஆகிவிடும். அவருக்குத் தானாகத் தோன்ற வேண்டும். அவருக்கோ கட்டுரை, கட்டு, கம்பி தவிர வேறெதுவும் தோன்றுவதாக இல்லை.

அட்டைகள் வரத் தொடங்கின. லீட்ஸ், புடாபெஸ்ட், ஒசாகா, சாவோ பாவ்லோ. தபால்காரர் மொக்கைச்சாமி ஒவ்வொன்றையும் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு தெருமுனையிலிருந்தே, "ஐயா, சப்பான் வந்திருக்கு!" என்று சத்தம் போட்டுக்கொண்டு வருவார். எட்டு, ஒன்பது, பத்து. ஒரு நாள் சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி முதலாளி ராக்கப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் சரியில்லை.

"என்ன ராக்கப்பன், உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல டாக்டரே. மனசுக்குத்தான். நமக்குள்ள ஒளிவு மறைவு இருக்கலாமா? நீங்களும் யாவாரத்துல எறங்கிட்டீகளாமே?"

"என்ன வியாபாரம்?"

"மொக்கைச்சாமி எல்லாத்தையும் சொல்லிட்டான். வாரத்துக்கு ஒரு நாட்டுலேருந்து ஆர்டர் வருதாம். சப்பான்காரன் வரைக்கும் ஆர்டர் போட்டிருக்கானாம். நான் இருபது வருசமாக் கம்பெனி வச்சு கொழும்பைத் தாண்டல."

உள்ளே தேவமணி காப்பி டவராவைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் மிகவும் பொறுமையாக, கம்பியிலிருந்து அட்டைகளை உருவி, கட்டுரைப் பிரதி ஒன்றையும் எடுத்துக் காட்டினார்.

"சரக்கு இதுதான்."

ராக்கப்பன் நான்கு பக்கத்தையும் புரட்டினார். "இதுக்கா ஆர்டர்? ஒண்ணு என்ன விலைக்குப் போடுறீக?"

"விலை கிடையாது. சும்மா அனுப்புறது."

"சும்மாவா?"

"தபால் தலையும் நம்ம செலவு."

ராக்கப்பன் முகத்தில் நிம்மதியும் பரிதாபமும் ஒன்றாக வந்தன. "நான்கூடப் பயந்துபோயிட்டேன். இதுல என்ன டாக்டரே கிடைக்கும் உங்களுக்கு?"

"பேரு."

"அது சரி." அவர் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். இங்கிலீஷ் எழுத்து அவருக்குக் கூட்டிப் படிக்க வரும். "கம்பெனி பேரு மாதிரி மேல உங்க பேரு போட்டிருக்கு. நம்ம சரவெடி லேபிள்லயே அடியில, அச்சடிச்ச பிரஸ்ஸு பேரு பொடியா இருக்கும். அம்மா பேரு எங்க இருக்கு? குச்சி எடுக்கச் சொல்றது அவுகதானே? என் கம்பெனி ஆளுக அம்புட்டுப் பேரும் அம்மாவைத்தான் சொல்லுவாக."

காப்பியோடு வந்த தேவமணி வாசற்படியில் நின்றாள். தனக்காக வாய் திறக்க ராக்கப்பன் வர வேண்டியிருந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது; பதிலைக் கேட்காமல் போகவும் மனசில்லை.

டாக்டர் சிரித்தார். "அவ என் வீட்டுக்காரிதானே! என் பேரு இருந்தா அவ பேரு இருந்த மாதிரிதான்."

"அதுவும் வாஸ்தவந்தான்" என்று ராக்கப்பன் காப்பியை வாங்கிக்கொண்டார். பிறகு தேவமணி உள்ளே போய் டாக்டருக்கு எடுத்துவந்த காப்பியில் சர்க்கரை இல்லை. தம் நாக்கு கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவர் குடித்துவிட்டார்.

பதினேழாவது அட்டைக்குப் பிறகு, 1963 மார்ச்சில், லீட்ஸிலிருந்து ஒரு சஞ்சிகையே வந்தது. டாக்டர் மார்ட்டன் என்பவர் கைத் தீக்காயங்களைப் பற்றி நீளமாக எழுதியிருந்தார். ராஜசிங்கின் கட்டுரையை மூன்று இடத்தில் குறிப்பிட்டிருந்தார். மூன்றாவது இடத்தில், தீக்குச்சி எடுக்கும் அந்தச் சோதனைக்கு அவரே ஒரு பெயர் சூட்டியிருந்தார்: 'ராஜசிங் சோதனை.'

டாக்டர் அன்றைக்கு நோயாளிகளைப் பார்த்த விதத்தைப் பாலம்மாள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். சளிக்கு வந்தவனுக்குக்கூடத் தோளில் தட்டிக் கொடுத்தாராம். சாத்தூர் போய்க் காராச்சேவு வாங்கிவந்து தெருவுக்கே கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சபையில் போதகர் ஐயர் அறிவிப்பு வாசித்தார். "நம்ம பேரு லீட்ஸ்ல ஒரு சோதனைக்கு இருக்கு தேவமணி, நம்ம பேரு!" என்று டாக்டர் சொன்னபோது அந்த 'நம்ம' என்ற சொல்லை அவள் நாக்கில் வைத்துப் பார்த்தாள். காராச்சேவைவிட அது காரமாக இருந்தது. இருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்தால் சிரிப்புத்தான் வந்தது. பரீட்சையில் தேறிய பள்ளிக்கூடப் பையன் முகம். அதில் போய் எப்படிக் கல்லெறிவது? இன்னொரு கட்டுரை வரட்டும் என்று தள்ளிப் போட்டாள். ஒன்பது வருஷமாகத் தள்ளிப் போட்டவளுக்கு அது பழகிப் போயிருந்தது.

அடுத்த மாதமே மார்ட்டனிடமிருந்து கடிதம் வந்தது. டாக்டர் அதை மத்தியானச் சாப்பாட்டு மேசையில் பிரித்துப் படித்தார். படித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

"கேளு தேவமணி. அவரோட ஆஸ்பத்திரியில நல்ல ஆரோக்கியமான நர்சுகள வச்சு ராஜசிங் சோதனையச் செஞ்சு பார்த்தாராம். முப்பது விநாடியில பதினாலு குச்சிதான் எடுக்க முடிஞ்சுதாம். கை வெந்து ஆறின உங்க ஆளுக எப்படி இருபது எடுக்கிறாங்க, ஏதாவது விசேஷம் உண்டான்னு கேக்குறாரு."

"என்ன எழுதப் போறீக?"

"விசேஷந்தான்னு எழுதப் போறேன். இது சிவகாசிச் சீமைக் கையி. பிறந்ததுலேருந்து குச்சி அடுக்கின கையி. லீட்ஸ் நர்சு இதோட போட்டி போட முடியுமா?"

தேவமணிக்கு அது சரியாகப் படவில்லை. பாலம்மாளின் கை வெந்த கை இல்லை. குச்சி அடுக்கியே வளர்ந்தவள். அவளே ஒரு ஜெபத்துக்கு இருபத்திரண்டுதான் எடுப்பாள். தட்டச்சு செய்த அன்றைக்கு விட்டுவிட்ட சந்தேகம் திரும்ப வந்தது: பிசகு குச்சியில் இல்லை, நேரத்தில்தான்.

"ஏங்க, நான் ஜெபம் சொல்றத என்னிக்கு நேரம் பிடிச்சீக?"

"நீ சொல்றதயா?"

"ஆமா. முப்பது விநாடின்னு எழுதினீகளே."

"ஜெபம் ஒண்ணுதானே தேவமணி. நான் சொல்லும்போது பிடிச்சேன். இங்கன, இதே மேசையில, சாப்பாட்டுக்கு முன்னால. இருபத்தொம்பது. முப்பதுன்னு போட்டேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் யாரும் நிற்கவில்லை. இரண்டு வருஷமாகத் தேவமணி மனசுக்குள் நிறுத்தி வைத்திருந்த மனிதர், கடிகாரத்தோடு அப்படியே காணாமல் போனார். கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் சாப்பாட்டுக்கு முன் இவர் ஜெபம் சொல்கிற லட்சணம் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. ரசம் ஆறிவிடும் என்ற பயத்தில் ஆரம்பித்து, அப்பளம் நமுத்துவிடும் என்ற அவசரத்தில் ஆமென் சொல்லி முடிப்பவர். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"எதுக்குச் சிரிக்கிற?"

"ரயிலைப் பிடிக்கப் போறவரு ஜெபம் அது. கை வெந்தவக முன்னால நான் அப்படியா சொல்லுவேன்? கையில கட்டியிருக்கிற வாட்சப் பாருங்க, சொல்றேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு, சுளகுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்வது போலவே சொன்னாள். அவசரம் இல்லாமல், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடம் விட்டு, எதிரில் இருப்பவர் தவறவிட்ட குச்சியைத் திரும்ப எடுக்க நேரம் கொடுக்கிற குரலில். கண்ணைத் திறந்தபோது டாக்டர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தாறு" என்றார் மெல்ல.

"அப்படித்தான் இருக்கும்."

"ஆளுக்கு ஆளு மாறுமா? பாவப்பட்டவக வந்தா நீ இன்னும் இழுத்துச் சொல்லுவியே."

தேவமணிக்கு இந்தக் கேள்விதான் சுருக்கென்றது. "ஞாயித்துக்கிழமைப் பள்ளியில பதிமூணு வயசிலேருந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவ நான். இன்னும் மூணு தடவ பிடிச்சுப் பாருங்க."

பிடித்தார். நாற்பத்தேழு, நாற்பத்தாறு, நாற்பத்தாறு. டாக்டரின் புருவம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மேலே போயிற்று. நான்காம் தடவை அவர் கடிகாரத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த அறைக்குள் வந்து தான் இதைக் கேட்டதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. அப்புறம் முகம் வாடிவிட்டது.

"பதினேழு பேருக்கு அனுப்பியிருக்கேனே தேவமணி. லீட்ஸ்ல பேரே வச்சிட்டாரே. இப்பப் போய் முப்பது தப்புன்னு எழுதினா என்ன நினைப்பாங்க?"

"குச்சி எண்ணிக்கை சரி. கையும் சரி. நேரம் மட்டுந்தானே தப்பு? திருத்தம் எழுதிப் போட்டா முடிஞ்சது."

அவர் சாப்பிடாமலே எழுந்து முற்றத்தில் இரண்டு நடை நடந்தார். திரும்பி வந்தபோது கொஞ்சம் தெளிந்திருந்தார். அந்தத் தெளிவு தேவமணிக்குப் பிடிக்கவில்லை.

"மிஷினை எடு. எழுதிருவோம்."

அவள் தட்டச்சு மிஷினை மேசைக்கு இழுத்து, காகிதம் செருகினாள். டாக்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்:

"'ஆசிரியர் தம் கட்டுரையில் நாற்பத்தாறு விநாடி என்று குறித்திருந்தது, அச்சுப் பிழையால் முப்பது என்று...'"

மிஷின் ஓடவில்லை.

"தேவமணி?"

"அது அச்சுப் பிழை இல்ல."

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். அச்சடிச்சவனுக்கு இதுல என்ன வந்துச்சு?"

"நூத்தி அறுபத்து நாலு பேரு குச்சி எடுத்திருக்காக. அதுல ஒரு பொய்யி இல்ல. நீங்க இப்ப ஒண்ணு வைக்கப் போறீக. நான் அடிக்க மாட்டேன்."

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் தேவமணி மாட்டேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. டாக்டர் ஜன்னலிலிருந்து திரும்பினார். நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். ஊசி போட்டுக்கொள்ள வந்த பிள்ளை மாதிரி முழங்கால்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"சரி. நீ சொல்லு, எப்படி எழுதுறது?"

"நடந்தத எழுதுங்க. வாட்ச் வச்சு அளக்கல, ஜெபம் வச்சு அளந்தோம்னு."

"ஜெபம்னு எழுதினா அடுத்த கேள்வி கேப்பாரு மார்ட்டன். யாரு ஜெபம்? யாரு சொன்னது? நாப்பத்தாறு விநாடி மாறாம மூணு வருசம் சொன்னது யாருன்னு கேப்பாரு. ஆசிரியர்னு போட்டா..." அவர் தாமாகவே நிறுத்திக்கொண்டார். "ஆசிரியருக்கு இருபத்தொம்பதுல்ல ஆகுது."

அவ்வளவு தூரம் வந்துவிட்டார். இன்னும் ஓர் அடி. தேவமணி காத்திருந்தாள். இப்போது அவருக்குத் தானாகத் தோன்றிவிடும். இதோ வாயைத் திறக்கிறார்.

"'மருத்துவமனை ஊழியர் ஒருவர்'னு போட்டா சரியா வருமா?" என்றார் ராஜசிங், மிகுந்த யோசனைக்குப் பிறகு.

அடுத்த அறையில் கூட்டிக்கொண்டிருந்த பாலம்மாளின் துடைப்பம் நின்றது. "எனக்கு அந்த மந்திரம் தெரியாதே நர்சம்மா!" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

தேவமணிக்கு வந்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இந்த மனிதருக்குத் தோன்றவே தோன்றாது. மனசில் இல்லாததால் அல்ல. கண்ணெதிரே தினமும் நிற்பதை அவர் பார்ப்பதே இல்லை, அவ்வளவுதான். தயவு, உரிமை என்று ஒன்பது வருஷம் தராசு பிடித்தது தன்னுடைய வீம்பு. அவருடைய பதினேழு அட்டைக்கும் தான் தபால் தலை ஒட்டிக்கொண்டிருந்தது போதும்.

அவள் காகிதத்தை மிஷினிலிருந்து உருவினாள். புதுக் காகிதம் ஒன்றைச் செருகி, நேராக இருக்கிறதா என்று பார்த்து, உருளையைத் திருகினாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்து, அவசரப்படாமல் சொன்னாள்:

"என் பேரைப் போடுங்க. ஊழியர்னு இல்ல, கடைசியில நன்றின்னு இல்ல. மேல, தலைப்புக்குக் கீழ, உங்க பேருக்குப் பக்கத்துல. எனக்கு அது வேணும்."